மாலிக்கு வேலைக்குப் போறீங்களா? பமாகோ சரி... 'சைட்' எங்கே இருக்குன்னு கேட்டீங்களா?

2025 நவம்பர் 6. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில், கோப்ரி என்ற ஊருக்கு அருகே மின்மயமாக்கல் பணியில் இருந்த 5 இந்தியர்களை ஆயுதக் கும்பல் கடத்திச் சென்றது. ஐந்து பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து பிழைப்புக்காகப் போனவர்கள். செய்தி வந்ததும் அவர்கள் வேலை பார்த்த நிறுவனம் செய்த முதல் காரியம், மிச்சம் இருந்த இந்திய ஊழியர்களை எல்லாம் தலைநகர் பமாகோவுக்குக் கூட்டிட்டு வந்ததுதான்.

மாலிக்குக் கிளம்பும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் இந்த ஒரு முடிவிலேயே இருக்கிறது. பமாகோ வேறு, பமாகோவுக்கு வெளியே வேறு. ஏஜென்ட் கொடுக்கிற விசா, டிக்கெட் எல்லாவற்றிலும் 'பமாகோ' என்றுதான் இருக்கும். வேலை நடக்கிற இடம் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

பமாகோவில் என்னதான் நடக்குது?

மாலிக்குக் கடலே கிடையாது. பெட்ரோல், டீசல் முழுக்க செனகல், ஐவரி கோஸ்ட் போன்ற பக்கத்து நாடுகளின் துறைமுகங்களில் இறங்கி, டேங்கர் லாரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரோட்டில் வந்து சேர வேண்டும். அல் கொய்தாவுடன் தொடர்புடைய ஜேஎன்ஐஎம் என்ற ஆயுதக் குழு கை வைத்தது இந்த ரோட்டில்தான். 2025 செப்டம்பரில் எரிபொருள் லாரிகளை மறிக்கப் போவதாக அறிவித்தார்கள். வரிசையாக வந்த டேங்கர்கள் நடுரோட்டில் எரிக்கப்பட்டன.

நகரத்துக்குள் ஒரு குண்டு கூட வெடிக்காமலேயே பமாகோ திணறிப் போனது. பங்க்குகளில் பைக்குகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்றன. அக்டோபர் 27 முதல் நவம்பர் 9 வரை நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளை மூட வேண்டிய நிலை. அக்டோபர் 28 அன்று அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை உடனே வெளியேறச் சொன்னது. அதில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருந்தது: பயணிகள் விமானத்தில் மட்டும் போங்கள், தரைவழியாக எல்லையைக் கடக்க முயல வேண்டாம்.

ராணுவப் பாதுகாப்போடு லாரிகள் வரத் தொடங்கிய பிறகு நவம்பரில் நெருக்கடி கொஞ்சம் தணிந்தது. நவம்பர் 10-ல் பள்ளிகள் திறந்தன. ஆனால் லாரிகள் வருகிற அந்த ரோடு மாறிவிடவில்லை. நகரத்தைப் பிடிக்காமல், அதற்குப் போகிற ரோடுகளைப் பிடித்தாலே போதும் என்று ஒரு குழு கண்டுகொண்டது. பமாகோ போகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம் அது.

சரி, அப்போ நகரத்துக்குள்ள பாதுகாப்பா?

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பாதுகாப்பு. 2015 நவம்பர் 20-ல் பமாகோவின் ரேடிசன் புளூ ஹோட்டலுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் 20 பேரைக் கொன்றார்கள். அந்த நேரத்தில் ஹோட்டலில் இருந்த 20 இந்தியர்கள் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். 2024 செப்டம்பர் 17 அதிகாலையில் ராணுவக் காவல் பயிற்சிப் பள்ளியும், விமான நிலையத்தை ஒட்டிய ராணுவத் தளமும் தாக்கப்பட்டன. 70-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஊருக்கு ஒரே வாசலான மோடிபோ கெய்ட்டா சர்வதேச விமான நிலையமே அன்று சில மணி நேரம் மூடப்பட்டது.

அரசியலும் அமைதியாக இல்லை. 2020, 2021 என இரண்டு வருடத்தில் இரண்டு ராணுவப் புரட்சி. ஆட்சியில் இருப்பவர் ஜெனரல் அசிமி கோய்ட்டா. 2025 மே மாதத்தில் அரசியல் கட்சிகளே கலைக்கப்பட்டன. அதனால் ஊர்வலம், கூட்டம், கோஷம் என்று எதைப் பார்த்தாலும் வேடிக்கை பார்க்க நிற்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. ராணுவ முகாம், சோதனைச் சாவடி, விமான நிலையம், பாலம் பக்கம் போனை வெளியே எடுத்து ரீல்ஸ் எடுக்கவே கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரலாம்.

இத்தனைக்கும் நடுவே, ஊர் ஊராகத்தான் இருக்கிறது. நைஜர் ஆறு நடுவில் ஓட, இரு கரையிலும் விரிந்த நகரம். மூன்று பெரிய பாலங்கள். காலையிலும் மாலையிலும் பாலத்தில் மாட்டினால் கதை முடிந்தது, அப்படி ஒரு நெரிசல். 'சொத்ராமா' என்று சொல்லப்படும் பச்சை நிற வேன்கள் நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆளை அடைத்துக்கொண்டு ஓடும். புதிதாகப் போனவர்கள் முதல் சில வாரம் அதைத் தவிர்த்து, கம்பெனி வண்டியிலோ தெரிந்த டிரைவரோடோ போவதே சரி.

வெளிநாட்டுக்காரர்களை ஏன் கடத்துறாங்க?

இரண்டு காரணம். ஒன்று பணம். 2025 செப்டம்பரில் பமாகோவுக்கு அருகே கடத்தப்பட்ட ஐக்கிய அரபு அமீரகத்துக்காரர்கள் அடுத்த மாதமே விடுவிக்கப்பட்டார்கள். இதற்குக் கொடுக்கப்பட்ட தொகை 5 கோடி டாலர் அளவில் இருக்கும் என்று சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அப்படி ஒரு தொகை கைமாறியதாகப் பேச்சு பரவினாலே, அடுத்த கும்பலுக்கு ஆசை வந்துவிடும்.

இன்னொன்று, அரசின் வருமானத்தை அடிப்பது. சுரங்கம், ஆலை, மின்பாதை என வெளிநாட்டு நிறுவனங்கள் வேலை செய்யும் இடங்கள் நின்றுபோனால் அரசுக்கு வருகிற காசும் நின்றுபோகும். 2025 ஜூலை 1 அன்று, மேற்கு மாலியில் கயேஸ் நகரில் உள்ள சிமெண்ட் ஆலையில் புகுந்து 3 இந்தியர்களைக் கடத்தியதும் இந்த வரிசையில்தான் வருகிறது. அதே நாளில் மேற்கு, மத்திய மாலியில் பல இடங்களில் தாக்குதல் நடத்தியதாக ஜேஎன்ஐஎம் சொன்னது. நவம்பரில் 5 தமிழர்கள் கடத்தப்பட்டபோதோ எந்த அமைப்பும் உடனே பொறுப்பேற்கவில்லை. எந்தக் கும்பல், என்ன கோரிக்கை என்று தெரியாமல் ஒரு குடும்பம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பணக்காரரா, கூலித் தொழிலாளியா என்று பார்த்து இவர்கள் பிடிப்பதில்லை. கம்பம் நடப் போன எலக்ட்ரீஷியனும் அவர்கள் கணக்கில் 'வெளிநாட்டுக்காரர்'தான்.

யாரும் பேசாத ஒரு ஓட்டை

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'ஈசிஆர்' வகையில் வரும். இவர்கள் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தம், சம்பளம், நிறுவனம் எல்லாம் ஒருமுறையாவது அதிகாரிகள் கண்ணில் படும். காப்பீடும் கட்டாயம்.

அந்த 18 நாடுகள் பட்டியலில் மாலி கிடையாது.

அதாவது, துபாய் போகிற தொழிலாளிக்கு இருக்கிற அந்த ஒரு வடிகட்டி கூட, கடத்தல் நடக்கிற மாலிக்குப் போகிற தொழிலாளிக்கு இல்லை. விசா கிடைத்தால் கிளம்பிவிடலாம். அலைச்சல் இல்லை என்று பார்த்தால் இது வசதி மாதிரி தெரியும். ஆனால் அவர் எந்த ஊரில், எந்த சைட்டில் வேலை செய்கிறார் என்று இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லாமல் போக இதுவே வழி. பட்டியலைத் திருத்த வேண்டியது அரசு. அதுவரை இந்த வேலையைத் தொழிலாளியும் குடும்பமும்தான் செய்துகொள்ள வேண்டும்.

செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. வேலை நடக்கும் ஊரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 'பமாகோ மற்றும் சுற்றுப்பகுதி' என்று இருந்தால், சுற்றுப்பகுதி என்றால் எந்த ஊர் என்று கேளுங்கள். அந்தப் பெயரை மேப்பில் போட்டு, தலைநகரில் இருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தங்கும் இடம் எங்கே, சைட்டுக்கு எப்படிக் கூட்டிப் போவார்கள், கூட பாதுகாப்பு வண்டி வருமா, வேலையை நடுவில் விட்டுவிட்டு வர வேண்டி வந்தால் டிக்கெட் செலவு யாருடையது? இதையெல்லாம் கேட்கும்போது ஏஜென்ட் மழுப்பினால், அந்த மழுப்பலே பதில்.

ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று போனிலேயே பார்த்துவிடலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே யோசிக்க வேண்டும்.

பமாகோவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போய் இறங்கிய அன்றே பெயர், பாஸ்போர்ட் எண், சைட் முகவரி கொடுத்துப் பதிவு செய்துவிட வேண்டும். சைட் மாறினால் மறுபடியும் சொல்ல வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கடத்தல் சம்பவத்துக்குப் பிறகு மாலியில் இருக்கும் இந்தியர்கள் எச்சரிக்கையாக இருந்து தூதரகத்தோடு தொடர்பில் இருக்கும்படி வெளியுறவுத் துறையும் கேட்டுக்கொண்டது.

கிளம்புறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்?

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சான்றிதழ் இல்லாமல் மாலிக்குள் விடமாட்டார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும் என்பதால், நாளைக்கு ஃபிளைட் வைத்துக்கொண்டு இன்றைக்கு ஓடினால் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 'ஊசி வேண்டாம், கார்டு மட்டும் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் ஆப்பிரிக்காவில் இருந்து திரும்பி வந்தால், இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

இந்தியாவில் இருந்து பமாகோவுக்கு நேரடி விமானம் இல்லை. அடிஸ் அபாபா, இஸ்தான்புல், காசாபிளாங்கா வழியாக மாறிப் போக வேண்டும். 'டாக்கர்ல இறக்கிவிடுறோம், அங்கிருந்து பஸ்ல போயிடலாம், காசு மிச்சம்' என்று யாராவது சொன்னால் டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டேங்கர்கள் எரிந்தது அந்த மாதிரி ரோடுகளில்தான். இரவில் இறங்குகிற விமானம் என்றால், அழைத்துப் போக வருபவரின் பெயரும் போன் நம்பரும் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

அங்கே புழங்குவது சிஎஃப்ஏ பிராங்க். யூரோவோடு நிலையான மதிப்பில் கட்டப்பட்ட பணம் என்பதால், மாற்றுவதற்கு யூரோ நோட்டு கையில் இருந்தால் சுலபம். பெரும்பாலும் ரொக்கம்தான். எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் ஜெனரேட்டர் நிற்கும், ஜெனரேட்டர் நின்றால் ஏடிஎம்மும் நிற்கும். சில நாள் செலவுக்கான காசு, குடிதண்ணீர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, பவர் பேங்க் இதெல்லாம் எப்போதும் தங்கும் அறையில் இருக்கட்டும்.

வெயிலைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். திருநெல்வேலி வெயிலைப் பார்த்தவர்களுக்கும் இது புதுசுதான். 2024 ஏப்ரல் 3-ல் கயேஸில் 48.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த மாதத்தின் முதல் 4 நாட்களில் மட்டும் பமாகோவின் காப்ரியேல் தூரே மருத்துவமனையில் 102 பேர் இறந்தார்கள். கூடவே நீண்ட மின்வெட்டு வேறு. மார்ச் முதல் மே வரை போகாமல் இருக்க முடிந்தால் நல்லது.

மொழிக்கு ஒரு சின்ன டிப்ஸ். அலுவலகங்களில் பிரெஞ்சு, தெருவில் பம்பாரா. ஆங்கிலம் கொஞ்சம்தான் ஓடும். கடையில் நேரடியாக விலை கேட்பது அங்கே மரியாதை இல்லை. முதலில் வணக்கம், பிறகு வீட்டில் எல்லாரும் நலமா, அதற்குப் பிறகுதான் வியாபாரம். காலையில் 'இ நி சொகோமா' என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

சுற்றிப் பார்க்கப் போறவங்களுக்கு?

இப்போதைக்கு வேண்டாம். திம்புக்டுவின் பழைய மசூதிகளும், ஜென்னேவின் மண் மசூதியும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். ஆனால் ஆபத்தில் இருக்கும் சின்னங்கள் பட்டியலில் இருப்பவை. அங்கே போகும் வழியும் அப்படித்தான்.

ஊரில் இருக்கும் குடும்பம் செய்ய வேண்டியது

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். கம்பெனியின் மாலி அலுவலக நம்பர், சைட்டில் கூட வேலை செய்பவர் ஒருவரின் நம்பர், சைட் இருக்கும் ஊரின் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் போதாது. மாலி நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். தினமும் ஒரே நேரத்தில் ஒரு மெசேஜ் என்று பழகிக்கொண்டால், அது வராத அன்று யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். இருக்கும் இடத்தை ஃபேஸ்புக்கில் படத்தோடு போடுவது வேண்டவே வேண்டாம்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவும் மலேரியா, சென்னையில் அதிகம் பார்க்கிற வகையை விட ஆபத்தானது, சில நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. டாக்டரிடம் போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: 'நான் மாலியில் இருந்து வந்திருக்கேன்.'