எவ்வளவு கதிர் பட்டது? இரத்தம் சொல்லும் சாட்சி!

தா.பழூர் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வெளியூர் போகிறவர்கள், கிடைத்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் மீது கதிரியக்கம் பட்டுவிட்டால், எவ்வளவு பட்டது என்று எப்படி அறிவது?

அணு நிலைய ஊழியரின் சட்டையில் கதிர் அளக்கும் வில்லை இருக்கும். பழைய இரும்பு உடைக்கும் கூலியாளிடம் என்ன இருக்கும்?

டில்லியில் நடந்தது

2010-ம் ஆண்டு. டில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவி ஒன்று மாயாபுரி இரும்புக் கடைக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60! அறியாமல் உடைத்தார்கள். ஒருவர் மாண்டார், பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அவர்களிடம் வில்லை ஏது? இரத்தச் சோதனைதான் கைகொடுத்தது.

அது எப்படி?

இரத்த வெள்ளணுவுக்குள் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுப்பு. கதிர் பட்டால் இழைகள் அறுந்து, தாறுமாறாக ஒட்டி, இரண்டு இடுப்புள்ள இழைகள் உண்டாகின்றன. சாதாரண மனிதரிடம் ஆயிரம் அணுக்களில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அணுக்களை இரண்டு நாள் வளர்த்து, நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால், பட்ட அளவு தெரிந்துவிடும்.

திருந்திய கணக்கு

1945-ல் நாகசாகியில் தப்பியவர்களுக்கு எவ்வளவு கதிர் பட்டது என்பதை, குண்டு வெடித்த தூரத்தையும் இடையிலிருந்த சுவரையும் வைத்தே கணித்தார்கள். ஆனால் தொழிற்சாலையில் இருந்தவர்களின் இரத்தத்தில், கணக்குச் சொன்ன அளவுக்குச் சேதம் இல்லை! ஆலையின் கனத்த யந்திரங்கள் கதிரை மறைத்ததைக் கணக்கு சரியாகப் பார்க்கவில்லை என்ற சந்தேகம் எழுந்தது. 2002-ல் கணக்கைத் திருத்தியபோது இந்த மறைப்பும் மீண்டும் ஆராயப்பட்டது.

இதனால் நமக்கென்ன? உலகத் தொழிலாளர்களின் பாதுகாப்பு வரம்புகளுக்கு முக்கிய ஆதாரம், ஜப்பானில் தப்பியவர்களின் கணக்குத்தான். பட்ட கதிரைக் கூட்டிச் சொன்னால், "இவ்வளவு பட்டும் இவ்வளவுதான் தீங்கா?" என்று தோன்றும். அபாயம் குறைத்து மதிக்கப்படும்!

காலம் தாழ்த்தலாகாது

இரத்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. சுமார் 0.1 கிரேக்குக் கீழே பட்டால் இந்தச் சோதனையில் தெளிவாகத் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அடையாளமும் மங்கும்.

வில்லையும் தவறலாம். கதிர் அறையில் மறந்து வைத்த வில்லை, படாத கதிரைப் பட்டதாகக் காட்டும். கழற்றி வைத்த வில்லை, பட்டதை மறைக்கும். இரண்டு வழக்கிலும் தீர்ப்புக்கு உதவுவது இரத்தமே.

ஆகவே, கதிர் வேலைக்குப் போகிறவர் வில்லையைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே இரத்தம் கொடுக்க வேண்டும். ஏட்டில் எழுதிய எண்ணை எதிர்த்துப் பேச, ஏழைத் தொழிலாளிக்கு வேறு சாட்சி ஏது?