வகுப்பறைக்குள் வந்த கைத்தொலைபேசி

அண்மைக் காலமாக எமது தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சம்பளம், அரைப் பேர், வீடு, காணி என்பவற்றோடு இன்னொரு விடயமும் பேசப்படுகிறது. "பாடசாலையில் பிள்ளைக்கு போன் வேண்டும் என்கிறார்களே, வாங்கத்தான் வேண்டுமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். சிலர் கடன்பட்டு வாங்கியும்விட்டார்கள். வேறு சிலர், போனைத் தொட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஆசிரியரோடு வாக்குவாதத்துக்கே போயிருக்கிறார்கள். இரு பக்கத்தாருக்கும் பதில் சொல்லும் கடமை சங்கத்துக்கு உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் 30,000 ரூபாவுக்கு ஒரு போன் வாங்குவதென்றால் 22 நாளுக்கு மேல் முழுப் பேர் விழ வேண்டும். சேமலாப நிதியும் கடைக் கடனும் கழிவதற்கு முன்பு போடும் கணக்கு இது. மழைக்காலத்தில், கொழுந்து குறைந்த மாதத்தில் 22 பேர் யாருக்கு விழுகிறது? வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால்? அதற்குப் பிறகு மாதாமாதம் டேட்டா போட வேண்டும். ஆகவே "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போன்" என்ற பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. இலவசக் கல்வி என்று சொல்லப்படும் நாட்டில், பாடம் படிக்கும் கருவியைக் கொழுந்துக் கூடைக்குள் இருந்து எடுக்கச் சொல்வது நியாயமல்ல.

அதற்காக, இவையெல்லாம் வீண் வேலை என்றும் நாம் சொல்ல வரவில்லை. எமது அங்கத்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப் பாடசாலையில், கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மூன்று தவணைகளாக இந்தச் செயலிகளையும் இணையத்தளங்களையும் ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்து வருகிறார். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கண்டதை அங்கத்தவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

அவர் முதலில் எடுத்தது கஹூட் என்ற வினாவிடைச் செயலி. கேள்வி முன்னால் திரையில் வரும். பிள்ளைகள் தங்கள் போனில் விடையை அழுத்த வேண்டும். முப்பத்தொரு பிள்ளைகள் உள்ள வகுப்பில் கொண்டுவர முடிந்தது ஆறு போன்கள். குழுவாகப் பிரித்துப் பார்த்தார். போன் வைத்திருந்த பிள்ளை அழுத்தியது, மற்றவை எட்டிப் பார்த்தன. மூன்றாவது நாள், போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இருவர் வகுப்புக்கே வரவில்லை. அத்தோடு அதை நிறுத்திவிட்டார். செயலி நல்லதுதான், எங்கள் வகுப்புக்கு ஆகாது என்பது அவர் முடிவு. அந்த முடிவை நாம் பெரிதாக மதிக்கிறோம். பட்டணத்துப் பாடசாலையில் ஓடுகிறது என்பதற்காக இங்கும் ஓட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அடுத்து அவர் தேடிப் பிடித்தது பிளிக்கர்ஸ். இதில் பிள்ளைகளுக்கு போனே வேண்டாம். கடதாசியில் அச்சடித்த அட்டை ஒன்று ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்படும். அட்டையில் கறுப்புக் கட்டங்களாலான ஓர் உரு இருக்கும். எந்தப் பக்கத்தை மேலே பார்க்கப் பிடிக்கிறோமோ அதுதான் விடை. ஆசிரியை தன் போனின் கமராவை வகுப்பின் மேல் ஓட்டினால், யார் எந்த விடையைக் காட்டினார்கள் என்று வந்துவிடும். ஒவ்வோர் அட்டையும் வேறு உரு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது சுலபமல்ல. மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டபோது வகுப்பில் பாதிக்கு மேல் நான்கில் ஒன்றுதான் பெரிது என்று காட்டியிருக்கிறார்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம் டீச்சர்" என்பார்கள். அட்டை அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் ரொட்டியை வெட்டிக் காட்டி அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினாராம்.

விஞ்ஞானத்துக்கு அவர் பயன்படுத்துவது ஃபெட் எனும் தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கியது, இலவசம், பல செய்முறைகள் தமிழிலும் உண்டு. மின்கலம், கம்பி, குமிழ் ஆகியவற்றைத் திரையில் இணைத்து மின்சுற்றைச் செய்து பார்க்கலாம். முக்கியமான வசதி, தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். சிக்னல் இல்லாத எங்கள் மலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போது தரவிறக்கி, பழைய மடிகணினி ஒன்றில் போட்டுக்கொண்டு வருகிறார். திரையில் காட்டி முடித்த பின் டோர்ச் குமிழையும் பெட்டரியையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து சின்னக் கதைகளை எடுத்து அச்சடித்துக் கொடுக்கிறார். அச்சுக்கும் டேட்டாவுக்கும் காசு அவர் சம்பளத்திலிருந்தே போகிறது. இதை நாம் பாராட்டிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அது அவர் தலையில் விழ வேண்டிய செலவல்ல.

பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தமிழில் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பாடமும் எங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. யூடியூபில் கிடைக்கும் தமிழ்ப் பாடங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்யப்பட்டவை. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. இவை சொல் மாற்றம், ஆசிரியர் ஒரு தடவை சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். ஆனால் "நிறை" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது கிலோகிராமில் அளப்பது. எங்கள் புத்தகத்தில் அதற்குத் திணிவு என்று பெயர், நிறை என்பது நியூற்றனில் அளக்கும் விசை. வீடியோவைப் பார்த்து நன்றாகப் படித்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் சரியாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு புள்ளியை இழக்கும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் போனை மட்டும் கொடுத்தால் இதுதான் நடக்கும். இதனால்தான் அந்த ஆசிரியை கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல்களையும் முதலில் பார்க்கச் சொல்கிறார். பளபளப்பு குறைவு, ஆனால் எங்கள் பாடத்திட்டம்.

இப்போது சங்கத்தின் கவலைக்கு வருகிறோம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்றும் இருக்கின்றன. வெற்றிடத்தை நிரப்பச் சொல்லிப் போகும் பெற்றோருக்கு, "இப்போது எல்லாப் பாடமும் இணையத்தில் இருக்கிறதே" என்று பதில் சொல்லும் பழக்கம் ஒன்று மெல்லத் தலைகாட்டுகிறது. இதை முளையிலேயே கிள்ள வேண்டும். தோட்டத்துரையின் கையில் கிடந்த பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். நாடு இலவசக் கல்வியைப் பெற்று முப்பது வருடம் கழித்தே அது எங்கள் படிக்கட்டுக்கு வந்தது. 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற எமது இளைஞர் யுவதிகளுக்கு ஆசிரியர் என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை. "ஆசிரியர் உதவியாளர்" என்று சொல்லி மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள், போராடித்தான் அதைக் கூட்ட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு ஆசிரியர் நாற்காலியில் ஒரு போனை வைத்துவிட்டுப் போகலாம் என்று எவரும் கணக்குப் போட வேண்டாம்.

கொரோனா காலம் காட்டியதும் இதைத்தான். 2020லும் 2021லும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். ஏற முடிந்தவர்களுக்கே வாட்ஸ்அப்பில் பாடம் கிடைத்தது.

ஆகவே எமது கோரிக்கை பிள்ளைக்கு ஒரு போன் அல்ல, வகுப்புக்கு ஒன்று. பாடசாலைக்குச் சொந்தமான ஒரு மடிகணினி, ஒரு திரை, ஆசிரியரின் டேட்டாவுக்கும் அச்சுக்கும் ஒரு கொடுப்பனவு. இவற்றை வலயக் கல்விப் பணிமனையும் மாகாணக் கல்வித் திணைக்களமும் வழங்க வேண்டும், பெற்றோரிடம் வசூலிக்கக் கூடாது. இவை வந்தாலும் வராவிட்டாலும் ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாகப் பேச நாம் விடமாட்டோம்.

போன் ஏற்கனவே வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இலவசம் என்று சொல்லும் செயலிகள் சில, இடையில் விளம்பரம் காட்டிப் பணம் கேட்கும், தொலைபேசி இலக்கம் கேட்கும். பிள்ளை தானாக எதையும் ஏற்றிக்கொள்ள விடாமல், எதை ஏற்றலாம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். போனில் வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஆசிரியர் வகுப்பில் போனை எடுத்தால் விளையாடுகிறார் என்று முடிவு கட்டாமல், ஒரு நாள் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஆசிரியை பெற்றோரை அப்படி அழைத்திருக்கிறார், இதுவரை நான்கு தாய்மார் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் தங்கள் பாடசாலை அதிபரைச் சந்தித்து, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை, பாடசாலையில் வேலை செய்யும் கணினி எத்தனை, எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்பவற்றை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். போன் வாங்கவோ டேட்டாவுக்கோ பெற்றோரிடம் பணம் கேட்கப்பட்டிருந்தால், எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விபரங்கள் கைக்கு வந்ததும் வலயக் கல்விப் பணிப்பாளரைச் சந்திக்க நேரம் கேட்போம்.