வெளிநாட்டுப் படிப்பு: எப்போது போவது?



சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் என் வீட்டுக்கு வந்தான். திருச்செங்கோட்டுக்கு அருகே விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம்.

"பையனை வெளிநாட்டுல பிசிக்ஸ் படிக்க அனுப்பலாம்னு ஏஜெண்டு சொல்றாருங்க. காட்டை அடமானம் வெச்சா மொத வருசத்துக்குக் கட்டிரலாம். அனுப்பலாங்களா சார்?" என்றார் தந்தை. எந்தப் பல்கலைக்கழகம் என்று பையனைக் கேட்டேன். நாட்டின் பெயரைத்தான் சொன்னான்.

அவர்களிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அறிவியல் ஆராய்ச்சிதான் உங்கள் விருப்பமென்றால், முதல் பட்டத்தை இங்கே முடியுங்கள். வெளிநாட்டை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தேசபக்தியால் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் படிப்பவர் பொதுவாகக் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தும், ஆய்வகத்தில் பணிசெய்தும் மாதந்தோறும் உதவித்தொகை பெறுகிறார். அதே பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்கப் போகும் அயல்நாட்டு மாணவரோ பெரும்பாலும் கைப்பணத்தைத்தான் கட்டவேண்டும். பட்டியல் இனத்தவர் முதலியோருக்காக மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் முதுநிலைக்கும் முனைவர் படிப்புக்கும் மட்டுமே. முழு உதவித்தொகையோடு இளநிலைக்கே இடம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். அப்படிக் கிடைப்பது அரிது.

"ஜெர்மனியில் கட்டணமே இல்லையே!" என்பீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான். ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாக விசாவுக்கே காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. பத்து லட்ச ரூபாய்க்கு மேல். மேலும், நம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் கொண்டு பொதுவாக அங்கே நேராகச் சேர முடியாது.

நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜன், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றது கடன் வாங்கி அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. பணக்கவலை தீர்ந்தும் உடல் தாங்கவில்லை. சைவ உணவு, தாமே சமையல், போர்க்காலத் தட்டுப்பாடு வேறு. 1917-இல் நோயுற்று, 1919-இல் திரும்பி, மறு ஆண்டே 32 வயதில் மறைந்தார். (இன்று நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பையன்களுக்குத்தான் சொல்கிறேன்.)

சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1929-இல், அவருடைய கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்துவிட்டது. மறு ஆண்டு இந்திய அரசின் உதவித்தொகையில் 19 வயதில் கப்பலேறினார். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கைக் கப்பலிலேயே போட்டார். கேள்வி அவரோடு இங்கிருந்தே புறப்பட்டது. உங்கள் கேள்வி எது? அதைத் தேடிக்கொள்ளக் கல்லூரி நாட்கள் போதும். நம் நாட்டு அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். பேராசிரியர்களுக்குக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

எனக்கும் முதுநிலை முடித்த ஆண்டில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கடிதத்தில் உதவித்தொகை பற்றி ஒரு வரியும் இல்லை. நான்கு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், போகவில்லை. அது சரியான முடிவே. ஆனால் மறு ஆண்டு வேறு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். செய்யாதது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

அந்த மாணவன் இப்போது இங்கேயே இயற்பியல் முதலாண்டு படிக்கிறான். சனிக்கிழமைகளில் கணக்குகளோடு வருகிறான். காடு அடமானம் போகவில்லை. தந்தைக்குத்தான் என்மேல் இன்னும் சற்று வருத்தம். அடுத்த வீட்டுப் பையன் கனடாவில் பனியில் நின்று எடுத்த படத்தை, பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காட்டுகிறார்.