பரீட்சை இருக்கட்டும், சுங்கம் எதற்கு?

வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துத் திரும்பியவர்கள் என்றதும், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். அது சரியல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், பூந்தமல்லிக்கு மேற்கே இருந்த அரை ஏக்கரையும் விற்றுவிட்டவர், இப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் ரஷ்யாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சீனாவுக்கும் போயிருக்கிறார்கள். ஏன் போனார்கள்? பூந்தமல்லி சாலையில் மருத்துவக் கல்லூரிகளுக்கா பஞ்சம்? ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற பலகை மாட்டியவை வருஷத்துக்கு இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கின்றன. இங்கே இரண்டு வருஷத்துக்கு ஆகும் பணத்தில் அங்கே முழுப் படிப்பையும் முடித்துவிடக்கூடிய கல்லூரிகள் உண்டு. தாலிக்கொடி அடகுக்குப் போனது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

திரும்பி வந்தால் என்ன நடக்கிறது? 2002 முதல் ஒரு தகுதிப் பரீட்சை இருக்கிறது. முந்நூறு கேள்விகள், நூற்றைம்பது சரியாக வேண்டும். 2025 ஜூனில் எழுதியவர்களில் நூற்றுக்கு 19 பேர்கூடத் தேறவில்லை. இதைக் காட்டித்தான் கனவான்கள் "தரம், தரம்" என்கிறார்கள்.

தரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊசி போடுகிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதில் நமக்குத்தான் அக்கறை அதிகம். ஒரு ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் இன்னொன்றுக்கு ஓடக் காசில்லாதவர்கள் நாம்தானே! ஆகவே பரீட்சை இருக்கட்டும். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் மேற்படிப்புப் பட்டம் வாங்கியவருக்கு இந்தப் பரீட்சையிலிருந்து விலக்குத் தந்திருந்தார்களே, அது எந்தத் தராசு?

பரீட்சையில் தேறியவனுக்கும் வழி உடனே திறப்பதில்லை. ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு இடம் வேண்டும். கல்லூரியின் இடங்களில் நூற்றுக்கு ஏழரைதான் இவர்களுக்கு என்று வைத்தார்கள். இடம் கிடைத்தாலும் கட்டணம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருந்த அந்தக் கட்டணம் 2022இல் பெருமளவு குறைக்கப்பட்டது. அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இவர்களிடம் கட்டணமே வாங்கக்கூடாது, மற்றவர்களுக்குத் தரும் உதவித்தொகையை இவர்களுக்கும் தரவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச் 4ஆம் தேதியே சுற்றறிக்கை விட்டது. இரவெல்லாம் வார்டில் நின்று வேலை செய்கிறவனிடம் பணம் கேட்பது, ஆலைக்குள் நுழையத் தொழிலாளியிடம் டிக்கெட் வாங்குவதுபோல் இல்லையா?

உக்ரைனில் படித்தவர்கள் கதை இன்னும் கொடுமை. 2022 பிப்ரவரியில் யுத்தம் மூண்டது. 22,500 இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். இறுதி வருஷத்தில் இருந்தவர்கள் இங்கேயே பரீட்சை எழுதலாம் என்று 2023 மார்ச்சில் வழி பிறந்தது. கூடவே இரண்டு வருஷப் பயிற்சி. அதில் முதல் வருஷத்துக்குச் சம்பளம் கிடையாது. குண்டு போட்டவன் யாரோ, அபராதம் கட்டுகிறவன் இவன்!

பிரிட்டனைப் பாருங்கள். யுத்தத்துக்குத் தப்பி அகதிகளாக வந்த டாக்டர்களுக்காக சால்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் 2003 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. பாஷை சொல்லிக்கொடுத்து, பரீட்சைக்குத் தயார் செய்து, வார்டில் பழக்கி வேலையில் அமர்த்துகிறார்கள். தர்மத்துக்கு மட்டும் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. புதிதாக ஒரு டாக்டரை உருவாக்குவதைவிட இதில் செலவு மிகக் குறைவு. நமது சர்க்காரோ இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை. தனியார் டியூஷன் கடைகளில் இவர்கள் இன்னும் கடன்பட வேண்டுமா? கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்பு நடத்த வாத்தியார்கள் இருக்கிறார்கள், கட்டிடம் இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி சங்கக் கிளைகள் இப்போதே ஒரு வேலை செய்யலாம். தங்கள் உறுப்பினர் வீடுகளில் இப்படிக் காத்திருப்பவர் யார், எந்தக் கல்லூரி எவ்வளவு கேட்டது, ரசீது உண்டா என்று எழுதி வாங்குங்கள். அந்த மார்ச் 4 சுற்றறிக்கையின் நகலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.