கோடை வெயிலும் வண்டி மாடுகளும்

ஆலத்தியூர்ப் பக்கங்களில் சித்திரை வெயில் எத்தகையதென்று அவ்வழி நடந்தவர் அறிவர். சுண்ணாம்புக்கல் நிறைந்த அப்பூமியில் கல்லையும் சிமெண்டையும் இக்காலத்தில் லாரிகளே சுமக்கின்றன. எனினும் எருவடிக்கவும் வைக்கோல் ஏற்றவும் மாட்டு வண்டியை நம்பியிருக்கும் ஏழைக் குடிகள் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அம்மாடுகளைக் குறித்து ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

மாட்டின் தேக உஷ்ணம் சுமார் 38.5 சென்டிகிரேடு பாகை. பாரம் இழுக்கையில் தசைகள் செலவிடும் சக்தியிற் பெரும்பங்கு உஷ்ணமாகவே மாறுகிறது. வெளிக்காற்றும் அவ்வளவே கொதித்தால், வியர்வையும் மூச்சுமன்றி அதை வெளியேற்ற வழியில்லை. அவ்வேளையில் மூளையின் ஏவலால் பிட்யூட்டரிச் சுரப்பி அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்திற் பெருகுகிறது. குளிர், காயம், மிகுந்த உழைப்பு முதலிய பல துன்பங்களுக்கும் எலிகளின் தேகம் ஒரே விதமாக ஈடுகொடுப்பதை 1936-ம் வருஷத்தில் ஹான்ஸ் செல்யே என்பார் எடுத்துக்காட்டினார்.

வெயில் நாட்கணக்கில் நீடித்தாலோ, கார்ட்டிசால் பெரும்பாலும் மீண்டும் தாழ்ந்துவிடுகிறது. தைராய்டுச் சுரப்பியும் அடங்குகிறது. மாடு தீனியைக் குறைத்து, உஷ்ணம் உண்டாக்குவதையே சுருக்கிக்கொள்கிறது. ஆகையால் அந்த ஹார்மோன் குறைந்திருப்பதைக் கண்டு மாடு சுகமாயிருக்கிறதென்று தீர்மானித்தல் பிழை. ‘பழகின மாடு, ஒன்றும் செய்யாது’ என்று நம்மவர் சொல்வதும் இவ்வகைத் தீர்மானமே. காங்கயமும் உம்பளச்சேரியும் சீமை மாடுகளைவிட வெயில் தாங்குவது மெய்தான். அதற்காக அவற்றுக்குத் துன்பமே இல்லையென்பதா?

1965-ம் வருஷத்து விதிகளின்படி, உஷ்ணம் 37 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணிவரை மாட்டை வண்டியிற் பூட்டலாகாது; நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. நல்ல விதியே; ஆயினும் போதாது என்பது எனது அபிப்பிராயம். காற்றில் ஈரம் மிகுந்தால் 34 பாகையிலும் வியர்வை உலர்வது அரிது. மூன்று மணி அடித்தவுடன் பாதையின் கொதிப்பு தணிந்துவிடுவதுமில்லை. வெப்பமானியைப் பார்ப்பதோடு மாட்டின் விலாவையும் பார்க்கவேண்டும். வாய் திறந்து நாக்கு நீட்டி இரைக்கத் தொடங்கிய மாட்டை, மணி எதுவாயினும், அவிழ்த்து நிழலிற் கட்டித் தண்ணீர் காட்டுவதே முறை.

அவிழ்த்தால் அன்றையக் கூலி யார் தருவது? நடைக்கு இவ்வளவென்று கூலி பேசியபின் வண்டிக்காரன் உச்சிவேளையிலும் ஓட்டத்தான் செய்வான். விதியை அவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. விடியலிலேயே பாரம் ஏற்ற ஏற்பாடு செய்வதும், காத்திருக்கும் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுவதும் வண்டி அமர்த்துவோர் கடன். மாணவ நண்பர்களே, கோடை விடுமுறையில் ஊர் செல்லும் நம்மிற் பலர் வண்டி அமர்த்தும் வீட்டுப் பிள்ளைகளே அல்லவா?