நடவாத கால்தானே என்று சொல்லாதீர்கள்

"நடவாத கால்தானே, முறிந்தால் என்ன?" என்று எம்மிடம் நேரே கேட்டவர் எவருமிலர். ஆயினும் கடந்த மாரிகாலத்தில் எமது வலது கால் முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றோர் முகத்திலும், செய்தியறிந்து தொலைபேசியில் அழைத்த உறவினர் குரலிலும் அக்கேள்வி இருக்கக் கண்டோம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது எமது கடமை என்று கருதுகின்றோம். ஏனெனில் இலண்டனிலும் பிற நகரங்களிலும், போர் தந்த முள்ளந்தண்டுக் காயத்துடன் சக்கர நாற்காலியில் வாழும் எம்மவர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் எவருக்கும் நாளைக்கே இது நேரலாம்.

வன்னியில் ஆசிரியப் பணியிலிருந்த நாம், 2009 ஆம் ஆண்டில் ஷெல் துண்டொன்றினால் முள்ளந்தண்டு வடத்தில் காயமுற்றோம். அன்றுமுதல் இடுப்புக்குக் கீழே அசைவுமில்லை, உணர்வுமில்லை. உடற்பாரத்தைத் தாங்காத எலும்பு தன் சுண்ணாம்புச் சத்தை இழந்துவிடுகின்றது. காயமுற்ற முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே முழங்காலைச் சுற்றியுள்ள எலும்பின் அடர்த்தியில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடக்கூடும் என்பது வைத்தியர்கள் அறிந்த உண்மை. எனவே இத்தகைய கால் முறிவதற்கு மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது பாதம் எங்காவது சிக்கிச் சற்றுத் திரும்பினாலே போதும். எமக்கு நேர்ந்ததும் அதுவே. காரின் இருக்கைக்கு மாறுகையில் சுள்ளி முறிவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. நோவு ஏதுமில்லை. மாலையில் முழங்கால் வீங்கிச் சிவந்து சூடேறியது. கால்கள் வழமைக்கு மாறாக வெட்டி வெட்டி இழுத்தன. அப்போதுதான் ஏதோ நடந்துவிட்டது என்பது புரிந்தது.

நோவில்லாமை ஒரு வரம் என்று நினைப்போர் வைத்தியசாலையின் காத்திருப்பு மண்டபத்தில் ஓர் இரவு இருந்து பார்க்க வேண்டும். "நோவு பத்தில் எத்தனை?" என்று தாதி கேட்கின்றார். "பூச்சியம்" என்பதே உண்மையான விடை. உண்மையைச் சொன்னவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகின்றார். வீக்கத்தைக் கண்டு முதலில் இரத்தக் கட்டி என்றார்கள். பின்னர் தோலில் கிருமித் தொற்று என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கப்பட்டபோது பொழுது விடிந்துவிட்டது. இரத்தக் கட்டியைத் தேடியதில் தவறில்லை. அதுவும் எம்மைப் போன்றோருக்கு வரக்கூடியதே. ஆனால் உணர்விழந்த காலொன்று காரணமின்றி வீங்கினால் எலும்பையும் பார்க்க வேண்டும் என்பதை எலும்பு முறிவுகளை நாளாந்தம் காண்போரும் மறந்துவிடுகின்றனர். ஆகையால் அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நோயாளியிடமும் குடும்பத்தவரிடமுமே வந்து சேர்கின்றது.

அடுத்தது பிளாஸ்டர் கட்டு. உணர்வுள்ளவர் கட்டு இறுகினால் முனகுவார், மாற்றிக் கட்டுவார்கள். எமது குதிக்கால் முனகாது. உள்ளே தோல் அழுகி, காய்ச்சல் வந்து, மணம் எழும்பும்வரை எவருக்கும் தெரியாது. கால் எலும்பு மூன்று மாதத்தில் பொருந்தினாலும் குதிக்காலில் வந்த படுக்கைப்புண் ஆற ஓராண்டும் செல்லக்கூடும். எனவே பஞ்சு நிறைய வைத்து, இரு பாதியாக வெட்டித் திறந்து மூடக்கூடியதாகக் கட்டுப் போடும்படி கேட்டு, நாள்தோறும் தோலைப் பார்க்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விடயமன்று. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1939 இல் குடும்பத்துடன் இந்நாட்டுக்கு அகதியாக வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் இக்காயமுற்றோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோவர் என்பதே பொதுவான எண்ணம். முள்ளந்தண்டு முறிந்தோரைப் பிளாஸ்டரில் அடைத்துக் கிடத்தும் முறையை அவர் எதிர்த்தார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைத் திருப்பிக் கிடத்தச் செய்தார். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளிலேயே, சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டியும் நடத்தினார். இன்றைய பராலிம்பிக்கின் வேர் அது. அகதிகளால் இந்த நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போருக்குச் சொல்லக்கூடிய விடையும் அதுதான். அது வேறு கதை. இங்கே நாம் சொல்ல வருவது, அவர் விட்டுச்சென்ற அறிவு இன்றும் முள்ளந்தண்டு நிலையங்களுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றது என்பதையே. இங்கிலாந்தில் அத்தகைய சிறப்பு நிலையங்கள் எட்டு உள்ளன. கால் முறிந்தவரோ அருகிலுள்ள பொது வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லப்படுகின்றார். அங்குள்ள வைத்தியரிடம், "தயவுசெய்து முள்ளந்தண்டு நிலையத்துடன் தொலைபேசியில் கலந்து பேசுங்கள்" என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. நாம் கேட்டோம். மூன்றாம் முறை கேட்டபோதுதான் பேசினார்கள்.

எழுதக் கூச்சமான ஒன்றையும் எழுதியே ஆகவேண்டும். எம்மில் பலருக்கு மலம் தானாகக் கழியாது. கையுறை அணிந்து விரலால் அகற்ற வேண்டும். நோவுக்குக் கொடுக்கும் கோடீன் போன்ற மருந்துகள் மலச்சிக்கலை மேலும் கூட்டும். பொது வார்டுகளில் இப்பணியைச் செய்யப் பயின்ற தாதியர் இல்லையென்று நாட்கணக்கில் விட்டுவிடுவதுண்டு. இதனால் ஏற்படும் ஆபத்தை எச்சரித்து, 2018 யூலையில் தேசிய சுகாதார சேவையே நாடளாவிய பாதுகாப்பு அறிவித்தலொன்றை வெளியிட்டது. அவ்வறிவித்தலைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் உரிமை எமக்குண்டு. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு மலச்சிக்கலும், அடைபட்ட சிறுநீர்க் குழாயும், முறிந்த எலும்பும் இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடும். தலை பிளப்பது போன்ற இடி, முகச் சிவப்பு, வியர்வை ஆகியன அதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுகிய உடையைத் தளர்த்தி, குழாய் மடிந்துள்ளதா என்று பார்த்து, உதவிக்கு அழைக்க வேண்டும். தலையிடிதானே என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல யார் இருக்கின்றார்? பெரும்பாலான வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தகப்பனின் மலத்தைப் பற்றி மகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பது எவ்வகையில் நியாயம்? மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்வது வைத்தியசாலையின் பொறுப்பு. "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கேட்டாலே போதும். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல் இருப்போருக்கும் இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமே. பயந்து வீட்டிலிருந்து காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி, வீட்டுக்கு வருவோம். நடவாத கால் முறிந்தால் உண்மையில் முடங்குவது கைகள். முறிவுக்கு முன்னர் சறுக்குப் பலகையில் கையூன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாமே மாறினோம். குளித்தோம், உடுத்தோம், கடைக்குப் போனோம். பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த சுதந்திரம் அது. தொடையிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்ட கால் முன்னே நீட்டிக்கொண்டு நின்றபோது, நாற்காலி குளியலறை வாசலில் திரும்பவில்லை. அக்காலைத் தூக்க ஒருவர், எம்மைத் தூக்க இன்னொருவர் தேவைப்பட்டனர். பன்னிரண்டு வாரம் அவ்வாறே கழிந்தது. எமது மனைவியார் பகலில் வேலைக்கும் போய், இரவில் மூன்று தடவை எழுந்து எம்மைத் திருப்பிக் கிடத்தினார். மூன்றாம் வாரத்தில் அவருடைய முதுகும் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்திலே எம்மவர் மனப்பாங்கைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது. உதவி கேட்பது பிச்சை கேட்பது போன்றது என்று எண்ணி, நகரசபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்காமல் மனைவியரை முறித்துக்கொண்டிருக்கின்றோம். 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, உதவி தேவைப்படுவோரின் நிலையை மதிப்பீடு செய்ய வேண்டியது இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகளின் கடமை. பராமரிப்பவரின் தேவைகளைத் தனியாக மதிப்பிடவும் அதே சட்டம் இடமளிக்கின்றது. ஏற்கெனவே உதவி பெறுவோர், முறிவு நேர்ந்ததும் நிலைமை மாறிவிட்டதென அறிவித்து மறுமதிப்பீடு கேட்கலாம். பாரந்தூக்கும் கருவியும், காலை நீட்டி வைக்கும் தாங்கியும் கேட்டுப் பெறக்கூடியவை. இது சட்டம் தந்தது; எவருடைய தயவுமன்று.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் முறிவென்றால் ஒட்டகப்புலம் நினைவுக்கு வருவது இயல்பு. முறிவு நெரிவு வைத்தியர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் உணர்வற்ற காலில் எண்ணெய் பூசி உருவுவதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் ஆகாது. சூடு கூடினால் தோல் வெந்துபோகும், நோயாளிக்குத் தெரியாது. உள்ளே இரத்தக் கட்டியிருந்தால் உருவுவதால் அது இடம்பெயரவும் கூடும். வெயில் குறைந்த இந்நாட்டில் விற்றமின் டி குளிசை எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்; அது எண்ணெயை விடப் பயன்தரும்.

வன்னியிலே எம்மைப் போன்றோர் ஒன்றுகூடி மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பை உருவாக்கி, ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். வசதிகள் மிகுந்த இந்நாட்டில் வாழும் நாமோ, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவராகத் தனித்துக் கிடக்கின்றோம். எந்தத் தெருவில் யார் நாற்காலியில் இருக்கின்றார் என்பதே எமக்குள் தெரியவில்லை. ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் இத்தகையோரின் பட்டியலொன்றை வைத்திருந்தால், கால் முறிந்த வீட்டுக்கு முதல் நாளிலேயே இரண்டு பேரை அனுப்பலாம்.

பார்க்க வருவோரை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. எமது வீட்டுக்கும் பலர் வந்தனர். ஹோர்லிக்சும் திராட்சையும் கொண்டுவந்தனர். இரவெல்லாம் விழித்திருந்த மனைவியாரே அவர்களுக்குத் தேநீரும் ஊற்றினார். இனிமேல் இப்படியொரு வீட்டுக்குப் போவோர் மாலை ஐந்து மணிக்குப் போகாமல் காலை எட்டு மணிக்குப் போகட்டும். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் நேரம் அதுதான். காலைத் தூக்க ஒரு கை குறைவாக இருக்கும்.