பரிசுக்கு ஒரு சொப்பு

பொங்கல் விழா வந்தால் நம் சங்கத்தில் கோலப்போட்டி உண்டு, பேச்சுப்போட்டி உண்டு. வென்றவர் கைக்குப் பொன்முலாம் பூசிய பிளாஸ்டிக் கோப்பை ஒன்று போய்ச் சேரும். மறுவாரம் அது விடுதிக் கட்டிலின் அடியில் கிடக்கும். இந்த வழக்கம் போதும் நண்பர்களே! இனிக் கடைசல் மரப்பொருள்களைப் பரிசாக அளிப்போம் என்கிறேன்.

கடைசல் என்றதும் நெல்லைச் சீமையார்க்கு அம்பாசமுத்திரம் நினைவுக்கு வரும். அடுப்பு, பானை, குடம், திருகை என்று வீடு முழுவதையும் உள்ளங்கையில் அடக்கிய மரச் சொப்புகள் அவ்வூரின் பெருமை. "குழந்தை விளையாட்டுத்தானே?" என்பீர்கள். இயற்பியல் மாணவனாகிய நான் அப்படி எண்ணவில்லை.

ஈரம் போக உலர்த்திய மரத்துண்டு சுழல்கிறது. உளி பட்டதும் உருவம் பிறக்கிறது. பின் வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்துகிறார் தொழிலாளி. தூரிகை இல்லை, நெருப்பு இல்லை. உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படிகிறது. அழுத்தம் குறைந்தால் இளகாது. மிகுந்தால் சீராகப் படியாது. இறுதியில் தாழை மடலால் தேய்க்க, பளபளப்பு ஏறுகிறது. உராய்வு, வெப்பம், இளகுநிலை என்று நாம் தனித்தனியே படித்துத் தேர்வு எழுதுவதை அவர் கை ஒரு நொடியில் கணக்கிட்டு முடிக்கிறது. வெப்பமானி கேட்பதில்லை, பட்டமும் கேட்பதில்லை. கூலி மட்டுமே கேட்கிறது.

அந்தக் கூலி எங்கிருந்து வரும்? நம் புகழுரையால் பட்டறை ஓடாது. வாங்குவோர் இருந்தால்தான் ஓடும். கன்னட நாட்டுச் சென்னப்பட்டணத்தைப் பாருங்கள். அவ்வூர்ப் பொம்மைகள் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. பெயரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வளையல், மணிமாலை, சாவிக்கொத்து என்று காலத்துக்கேற்ற சிறு அணிகளையும் கடைந்து விற்கிறார்கள்.

விலை கூடுமே என்பது பொருளாளர் கவலை. உண்மைதான். பத்துக் கோப்பைகளுக்குப் பதில் நான்கு நல்ல பரிசுகள் கொடுப்போம். எறியப்படும் பத்தைவிட, ஊருக்கு எடுத்துச் செல்லப்படும் நான்கு மேல் அல்லவா?

இன்னொன்று. நாம் புனேயில் வாழ்கிறோம். இதே மராட்டிய மாநிலத்தின் சாவந்த்வாடியிலும் கடைசல் பொம்மைகளும் வண்ண மரக்கனிகளும் செய்கிறார்கள். பாதிப் பரிசுகள் அங்கிருந்து வரட்டும். பாதி அம்பாசமுத்திரத்திலிருந்து வரட்டும். பெற்ற மண்ணுக்கும் சோறிடும் மண்ணுக்கும் ஒரே மேடையில் நன்றி சொல்லியதாகும்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். கைதூக்க வாருங்கள்!